பக்கத்து வீட்டுக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

புது வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு. மகள் பிறந்ததுமே டிவியை விற்றுவிட்டோம். பக்கத்து வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடுவதால் மகளை அங்கே விடுவதில்லை. ‘பிள்ளையை ஜெயிலில் வைத்திருக்கிறாய்’ என்கிறார் மாமியார். பள்ளியில் மற்றவர்கள் பேசும் கார்ட்டூன் தெரியாமல் இவள் ஒதுங்கிப்போய்விடுவாளா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

ஒதுங்கமாட்டாள். கூடப் படிக்கும் பிள்ளைகளே மொத்தக் கதையையும் சொல்லிவிடும். டிவியை விற்றது நல்ல காரியம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாம் ஒன்று சொல்லி, பிள்ளை ஒன்று சொல்லி, அதற்கு நாம் பதில் சொல்லித்தான் பேச்சு வளர்கிறது. பெட்டி பிள்ளைக்குப் பதில் சொல்லாது. டிவி போன இடத்தில் போன் வந்து உட்கார்ந்திருந்தால் மட்டும் விற்றதில் பயனில்லை.

ஆனால் ‘அங்கே விடுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

சென்னைக்குத் தூர்தர்ஷன் 1975இல் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோதும் ராயபுரத்தில் எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டே வீடுகளில். ஒரு வீட்டில் ஞாயிறு சாயங்காலம் படம் ஆரம்பித்ததும் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் திரையை இழுத்துவிடுவார்கள். இன்னொரு வீட்டு அக்கா கதவை அகலத் திறந்து வைப்பார். மர ஷட்டர் வைத்த டயனோரா கம்பெனி டிவிப் பெட்டி. நாங்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். பின்னால் அவருடைய மாமியார் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பார். தலையைக் கிள்ளி, கூடவே குடலை இழுத்துப் போட எங்களுக்கும் சொல்லித்தந்தார். கரண்ட் போனால் மீதிக் கதையை நாங்களே சொல்லுவோம். பாட்டி குறுக்கே கேள்வி கேட்பார். செருப்பை ஓரமாக விடுவது, அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்து வந்துவிடுவது, எல்லாம் அங்கே கற்றதுதான். பார்த்த படங்களில் பாதி மறந்துவிட்டது.

2006இல் இலவச கலர் டிவி திட்டம் வந்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்கிய அவமானம் அதோடு தீர்ந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் தெருவில் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதும் குறைந்தது.

அன்று டிவி இருந்த வீடு கதவைச் சாத்தியது. இன்று டிவி இல்லாத நீங்கள் சாத்துகிறீர்கள். வெளியே நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வீட்டில் டிவி மட்டுமா இருக்கிறது? உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் இல்லையா? நாளை உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அவளை எந்த வீட்டில் விடுவீர்கள்? ‘அவர்கள் வீடு சரியில்லை’ என்று நான்கு வயதில் ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கினால், கார்ட்டூன் செய்யும் கெடுதலைவிட அது பெரிது.

மாமியார் சொன்னது சரி. விற்றது அவருடைய டிவியும்தானே? சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவரையே பக்கத்து வீட்டுக்குப் போய்வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் சீரியல் ஓடினால் ஓடட்டும், பாட்டி பக்கத்தில்தானே இருப்பார். அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடுங்கள்.