மைன்கிராஃப்ட் விளையாட்டை வைத்து நகரத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள்?

ஒரு பூங்காவோ தெருவோ எப்படி இருக்க வேண்டும் என்று, அங்கே புழங்கும் மக்களே, குறிப்பாக இளைஞர்கள், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் திரையிலேயே கட்டைகளை அடுக்கிக் காட்டுவதுதான் 'பிளாக் பை பிளாக்'. ஐ.நா.வின் வாழிட அமைப்பும் மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் 2012-ல் தொடங்கிய திட்டம் இது.

ஏன் விளையாட்டு? வரைபடம் எல்லோருக்கும் படிக்க வராது. வீடு கட்டும்போது, மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதானே "அடுப்படி இவ்வளவு சின்னதா?" என்று அம்மா கேட்பார்! வியட்நாமில், ஹனோய் அருகே கிம் சுங் பகுதிப் பள்ளி மாணவிகள், தாங்கள் நடந்துபோகும் இருட்டு வழியில் விளக்குகளை வைத்துக் காட்டினார்கள். எந்த இடத்தில் பயம் வரும் என்பது தினமும் நடப்பவர்களுக்குத்தான் தெரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பலர் நினைப்பதுபோல், திரையில் கட்டியது அப்படியே எழும்பிவிடாது. கட்டடக் கலைஞர்கள் அளவும் செலவும் பார்த்து முறையான வரைபடமாக்கிய பிறகே வேலை தொடங்கும்.