ஹ்யூகோவின் பேத்தி உருப்பட்டாரா?

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோவின் ‘ஏழை படும் பாடு’ நாவலைப் படித்து வளர்ந்தவன் நான். ஹ்யூகோவின் பேத்தியும், எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் மகனும், நரம்பு வைத்தியர் ஷார்கோவின் மகனும் ஒரே வட்டத்தில் வளர்ந்தவர்கள், அந்தப் பெண்ணை இந்த இருவருமே அடுத்தடுத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு கொடுத்து வைத்த பிள்ளைகள்! இவர்கள் உருப்பட்டார்களா? பெரிய வீட்டில் பிறப்பது வரமா, சாபமா?
— ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: வரமா சாபமா என்பதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். ‘கொடுத்து வைத்த’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. அந்தப் பெண்ணுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

அவர் பெயர் ழன். 1869இல் பிறந்தார். ஒன்றரை வயதில் அப்பா ஷார்ல் ஹ்யூகோ இறந்துபோனார். அந்தச் சவ ஊர்வலம் பாரிஸ் தெருக்களில் போன 1871 மார்ச் 18 அன்றுதான் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி வெடித்தது. அப்புறம் ழன்னும் அண்ணன் ஜார்ஜும் தாத்தாவின் செல்லங்கள். தாத்தா பாசக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசத்தை 1877இல் புத்தகமாகப் போட்டார். தாத்தாவாக இருப்பது ஒரு கலை என்று சொல்லும் கவிதைத் தொகுப்பு அது. ஏதோ குறும்பு செய்ததற்காக ழன்னை இருட்டறையில் வெறும் ரொட்டியோடு அடைத்து வைக்கிறார்கள், தாத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டில் ஜாம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அருமையான கவிதைதான். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை மனப்பாடம் செய்தார்கள். புத்தகம் வந்தபோது ழன்னுக்கு ஏழு வயது. அந்த வயதில் அவர் வாங்கிய தண்டனை ஒரு தேசத்துக்கே தெரியும்.

1881 பிப்ரவரியில் ஹ்யூகோ 80ஆம் வயதில் அடியெடுத்து வைத்ததற்கு விழா. அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஆறு லட்சம் பேர் நடந்து போனார்கள் என்பார்கள். தாத்தாவுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தியிருந்தார்கள். 1885இல் அவர் இறந்தார். ஏழைகளுக்கு ஐம்பதாயிரம் பிராங்க், ஏழைகளின் சவவண்டியில்தான் என்னைக் கொண்டுபோக வேண்டும், எந்தத் திருச்சபையின் பிரார்த்தனையும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். அந்த வண்டியின் பின்னால் பாரிஸே திரண்டது. ழன்னுக்கு அப்போது பதினைந்து முடிந்திருந்தது.

பிள்ளைகளின் குறும்பு, அழுகை, மார்க் ஷீட், முதல் நாள் யூனிஃபார்ம் எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள் என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியபோது பல பெற்றோர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டார்கள். “என் குழந்தை, என் சந்தோஷம், உங்களுக்கென்ன?” என்றார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒருநாள் இருபது வயது ஆகும். ஹ்யூகோ போன்ற மகாகவி அன்போடு செய்தபோதே அந்தப் பெண்ணால் கடைசிவரை ‘தாத்தாவின் ழன்’ என்ற படச் சட்டத்துக்குள்ளிருந்து வெளியே வர முடியவில்லை. செல்போனை வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன நியாயம்?

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். 1891 பிப்ரவரியில் ழன் ஹ்யூகோவுக்கும் லியோன் தோதேவுக்கும் பாரிஸின் 16ஆம் வட்டார நகர மண்டபத்தில் திருமணம். மதச் சடங்கு கிடையாது. குடியரசின் பெரிய மனிதர்கள் திரண்டு வந்தார்கள். மாப்பிள்ளை மருத்துவம் படித்தவர், பேச்சில் கெட்டிக்காரர். அவருடைய அப்பா அல்போன்ஸ் தோதே சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் முதுகுத்தண்டைத் தாக்கி வலியில் துடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு வைத்தியம் பார்த்தவர் சல்பேத்ரியேர் மருத்துவமனையின் பெரிய டாக்டர் ஷார்கோ. உடலைக் கட்டி அந்தரத்தில் தொங்கவிடும் சிகிச்சைகூட நடந்தது. லியோன் மருத்துவமனைப் பயிற்சிக்கான போட்டித் தேர்வில் தோற்றார். அப்புறம் 1894இல் டாக்டர்கள் ஆளும் ஒரு கற்பனை நாட்டைப் பற்றி நாவல் எழுதி அத்தனை பேரையும் கிழித்தார். அந்த நாட்டில் தேர்வு என்றால் பேராசிரியர்களின் காலை நக்குவது! பெரிய ஷார்கோ 1893இலேயே இறந்துவிட்டதால் பதில் சொல்ல ஆள் இல்லை.

1895இல் கல்யாணம் முறிந்தது. இதில் ஒரு சட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பிரான்ஸில் விவாகரத்து உரிமை 1884இல்தான் திரும்ப வந்தது. அது வராவிட்டால் ழன் அந்த மனிதரோடேயே கிடந்திருக்க வேண்டும். எப்படிப்பட்ட மனிதர்? 1895 ஜனவரி 5 அன்று, செய்யாத குற்றத்துக்காக, யூதரான கேப்டன் ட்ரெஃபுஸின் ராணுவப் பட்டைகளைப் பிய்த்து வாளை முறித்துப் போட்ட காட்சியை நேரில் பார்த்து, கொஞ்சமும் இரக்கமில்லாமல் ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் எழுதியவர். யூத வெறுப்பைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டவர். குடியரசின் செல்லப் பேத்தியை மணந்தவர் பிற்பாடு முடியாட்சி கேட்கும் கத்தோலிக்கக் கட்சிக்காரராக மாறி, 1908 முதல் ‘அக்சியோன் ஃப்ரான்சேஸ்’ என்ற தினசரியில் தினமும் விஷம் கக்கினார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய பகை உண்டு. “ஆனாலும் அவர் நடை பிரமாதம் சார், மார்செல் ப்ரூஸ்டுக்கே 1919இல் கோன்கூர் என்ற பெரிய இலக்கியப் பரிசு வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டவர்” என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ட்ரெஃபுஸுக்காகக் கையெழுத்து வாங்கி அலைந்த, யூதத் தாய்க்குப் பிறந்த ப்ரூஸ்ட் தன் நாவலின் ஒரு பாகத்தை நன்றியோடு இவருக்குக் காணிக்கையும் ஆக்கினார். ப்ரூஸ்டின் பெருந்தன்மை ப்ரூஸ்டுக்கே சொந்தம். அதைக் காட்டி லியோன் தோதேவுக்கு மன்னிப்புச் சீட்டு கேட்காதீர்கள். நடை நன்றாக இருக்கிற வெறுப்பு இன்னும் நிறைய வீட்டுக்குள் போகும். எனக்கு அதுதான் கூடுதல் குற்றமாகப் படுகிறது.

ஆனால் அவர் மகன் விஷயத்தில் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இரண்டாம் மனைவியிடம் பிறந்த ஃபிலிப், 14 வயதுப் பையன், 1923இல் வீட்டைவிட்டு ஓடினான். கப்பலேறிக் கனடா போய்விடலாம் என்று துறைமுகம் வரை போய்த் திரும்பி, பாரிஸில் அப்பாவின் பரம எதிரிகளான, அரசே கூடாது என்னும் அராஜகவாதிகளின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனான். தான் யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே சொல்லவில்லை. சில நாளில் ஒரு டாக்ஸிக்குள் குண்டு பாய்ந்து கிடந்தான். தற்கொலை என்றது அரசுத் தரப்பு. கொலை என்று கடைசிவரை கத்தினார் அப்பா. டாக்ஸி டிரைவர்மீது பழி போட்டதற்காக அவதூறு வழக்கில் சிறைக்குப் போனார். 1927இல் அவருடைய ஆட்கள் அமைச்சகத்திலிருந்து பேசுவதுபோல் ஜெயிலுக்கு டெலிபோன் செய்து அவரை வெளியே கொண்டுவந்ததும், அவர் பெல்ஜியம் ஓடியதும் பிரான்ஸையே சிரிக்க வைத்த கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரைச் சொல்லாமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்க ஆசைப்பட்ட அந்தப் பையனைத்தான் நினைக்கிறேன்.

இனி ஷார்கோவின் மகன் ழான் பத்தீஸ்த். கடலுக்குப் போக ஆசைப்பட்டவரை அப்பா டாக்டர் ஆக்கினார். மறுக்கவில்லை, படித்து முடித்தார். 1896இல் லியோனின் முன்னாள் மனைவியை, அதாவது நம் ழன்னை மணந்தார். அப்பா விட்டுப்போன நாலு லட்சம் பிராங்கையும், ஃப்ராகோனார் என்ற ஓவியரின் படம் ஒன்றை விற்ற காசையும் போட்டு ‘ஃப்ரான்சே’ என்ற கப்பலைக் கட்டி 1903இல் தென்துருவத்துக்குப் புறப்பட்டார். கிளப்பிலும் குதிரைப் பந்தயத்திலும் கரைந்திருக்க வேண்டிய பணம் அண்டார்க்டிகாவின் கரையோர வரைபடமாக மாறியது. பரம்பரைச் சொத்தை இதைவிட நல்ல விதமாகச் செலவழித்த பணக்காரப் பிள்ளையை அந்தத் தலைமுறையில் நான் பார்க்கவில்லை.

ழன்னுக்கு அதில் என்ன கிடைத்தது? வருஷக்கணக்கில் வராத புருஷன். 1905இல், கைவிட்டுப் போனார் என்ற காரணத்தில், விவாகரத்து. அந்த வரைபடத்தைப் பாருங்கள். விக்தோர் ஹ்யூகோ பெயரில் ஒரு தீவு. 1908இல் ‘பூர்குவா பா?’ கப்பலில் போன இரண்டாம் பயணத்தில் இரண்டாம் மனைவி மார்கரெத்தின் பெயரில் ஒரு பெரிய விரிகுடா. 1910 ஜனவரியில் கண்ட ஒரு நிலத்துக்கு அப்பா ஷார்கோவின் பெயர். அப்பாவின் தொழிலை விட்டு அவ்வளவு தூரம் போனவர் அங்கேயும் அப்பா பெயரைத்தான் வைத்தார். 1936 செப்டம்பரில் ஐஸ்லாந்துக் கரையோரம் புயலில் அதே கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது அவரும் போனார். தப்பியது ஒரே ஒரு மாலுமி. பாரிஸின் நாத்ர்தாம் தேவாலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தினார்கள்.

உருப்பட்டது யார் என்று விடாப்பிடியாகக் கேட்டால் என் ஓட்டு மகன் ஷார்கோவுக்கு. ஆனால் இந்த மூன்று பேரைப் பற்றி எதைப் படித்தாலும் ழன் ஒரு வாசல்படிதான். தாத்தா இருக்கும்போது கவிதை, அப்புறம் லியோனின் மனைவி, அப்புறம் ழான் பத்தீஸ்தின் மனைவி, அப்புறம் ஒரு கிரேக்கரை மூன்றாவதாக மணந்தவர், அதோடு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். 1941 வரை இருந்தார். 72 வருஷ வாழ்க்கை, நடுவில் ஒரு உலகப் போர் முழுதாக. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த வாசகர்கள் நமக்கு இருக்கிறீர்கள். உங்களில் யாராவது ழன்னை நடுவில் வைத்து, கணவன்மார்களை ஓரத்தில் நிறுத்தி ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள். பக்கக் கணக்குப் பார்க்காமல் போடுகிறேன்.