டிக்கெட், மழை, ஆட்டோபே, ஜெர்சி: ஐபிஎல் சீசன் கேள்வி-பதில்

ஐபிஎல் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். மிக்ஸி வாரண்டியும் ஃபிரிட்ஜ் சர்வீஸும் பின்னால் போய்விட, டிக்கெட், ஆப், ஜெர்சி என்றே கடிதங்கள் வரும். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சேப்பாக்கம் மேட்சுக்கு ஆன்லைனில் டிக்கெட் கிடைக்கவில்லை. சமூக வலைத்தளத்தில் அறிமுகமான ஒருவர், தன்னிடம் இரண்டு டிக்கெட் இருப்பதாகவும் ஒன்று 5,000 ரூபாய் என்றும் சொன்னார். யுபிஐயில் 10,000 அனுப்பினேன். கியூஆர் கோடும் வந்தது. ஆனால் கேட்டில், "இது ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: தம்பி, கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் புகார் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்னும் செய்யவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை எல்லாவற்றையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இருக்கும்போதே வங்கி முடக்கினால்தான் பிடிக்க முடியும். அங்கிருந்து வேறு கணக்குக்குப் போய், ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அப்புறம் ரொம்பக் கஷ்டம். அந்த ஆளுடன் பேசிய சாட்டை அழிக்காதீர்கள். அவருடைய பக்கத்தின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். பெயரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். லிங்க் இருந்தால் போலீஸ் தேட முடியும்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் ஒரு நிஜமான டிக்கெட் இருக்கும். அதன் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்துப் பேருக்கு விற்பார்கள். கேட்டில் இருக்கும் கருவி முதலில் காட்டியவரை உள்ளே விடும். அடுத்த ஒன்பது பேருக்கும் சிவப்பு விளக்குதான். போன சீசனில் என் அக்கா மகனுக்கு இதுதான் நடந்தது. மஞ்சள் ஜெர்சி போட்டு, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு கேட் வரை போனவன், உள்ளே எழுந்த சத்தத்தை வாலாஜா சாலையில் நின்று கேட்டுவிட்டு வீடு திரும்பினான். அவனிடம் இருந்த படத்தில் கோடு, இருக்கை எண், ஸ்டாண்ட் பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. போலி என்று கண்டுபிடிக்க அதில் எதுவும் இல்லை, ஏனென்றால் அது போலியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், படத்தைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது.

இன்னொரு விஷயம். ஒரு வேளை அந்த ஆள் நிஜமாகவே ஒரே ஒருவருக்குத்தான் விற்றிருந்தாலும், கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்த டிக்கெட்டை ரத்து செய்யும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு. டிக்கெட் நிபந்தனைகளிலேயே அது இருக்கும். உங்கள் பெயரில் பில் இல்லாததால் நுகர்வோர் ஆணையத்திலும் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

சரி, நேர்வழியில் ஏன் கிடைப்பதில்லை? சேப்பாக்கத்தில் மொத்தமே சுமார் 38,000 இருக்கைகள்தான். அதிலும் சங்க உறுப்பினர்கள், கிளப்புகள், ஸ்பான்சர்கள் பங்கு போக மீதிதான் பொது விற்பனைக்கு வரும். 2025 சீசனில் ஒருவருக்கு இரண்டு டிக்கெட் என்று வரம்பு வைத்தும், விற்பனை தொடங்கிய நிமிடமே திரையில் லட்சக்கணக்கானோர் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பதாகக் காட்டியது. எத்தனை டிக்கெட் பொதுமக்களுக்கு விற்கப்படுகிறது என்று விற்பனைக்கு முன்பே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது தெரியாமல் வரிசையில் நிற்பவர்களின் ஏமாற்றம்தான் பிளாக்கில் விற்பவர்களுக்கு வியாபாரம்.

கேள்வி: டிக்கெட் விலையில் 40 சதவீதம் ஜிஎஸ்டி என்கிறார்கள். உண்மையா? போன வருடம் இவ்வளவு இல்லையே! (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

பதில்: உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்துவிட்டது. கேசினோ, குதிரைப் பந்தயம் இருக்கும் அதே பட்டியல். அடிப்படை விலை 1,000 ரூபாய் என்றால் முன்பு 1,280 கொடுத்திருப்பீர்கள், இப்போது 1,400. அதே மைதானத்தில் இந்திய அணி ஆடும் சர்வதேசப் போட்டி என்றால் 500 ரூபாய் வரை வரியே கிடையாது, அதற்கு மேல் 18 சதவீதம்தான். ஆன்லைனில் வாங்கும்போது வரும் 'கன்வீனியன்ஸ் ஃபீ' தனி. பணம் கட்டும் முன் திரையில் விலைப் பிரிவைத் தட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் காட்டாத தொகையைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்தால் அதற்கும் புகார் செய்யலாம்.

கேள்வி: மழையால் மேட்ச் நின்றுவிட்டால் டிக்கெட் பணம் திரும்ப வருமா? ஓவர் குறைத்து ஆடினால்? (இல்லத்தரசி, வேளச்சேரி)

பதில்: பொதுவாக எல்லா அணிகளின் டிக்கெட்டிலும் இருக்கும் நிபந்தனை இது: ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் கைவிடப்பட்டால் பணம் திரும்ப வரும். ஒரே ஒரு பந்து வீசிவிட்டாலும் வராது. இருபது ஓவர் ஐந்து ஓவராகக் குறைந்தாலும் அது 'நடந்த மேட்ச்' தான்.

2025 மே 17 அன்று பெங்களூரில் இதைப் பார்த்தோம். போர்ப் பதற்றத்தால் நின்றிருந்த ஐபிஎல் மீண்டும் தொடங்கிய நாள் அது. விராட் கோலி டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, அவருக்காக ரசிகர்கள் வெள்ளை ஜெர்சியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மழை விடவே இல்லை. டாஸ்கூடப் போட முடியவில்லை. டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தருவதாகப் பெங்களூரு அணி அறிவித்தது.

ரீஃபண்ட் எந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டப்பட்டதோ அதற்குத்தான் போகும் என்பதைக் கவனியுங்கள். நண்பர் கார்டில் வாங்கினால் நண்பருக்கு. பிளாக்கில் வாங்கினால் விற்றவருக்கே போய்ச் சேரும், அவர் இரண்டு முறை சம்பாதித்துவிடுவார். மேலே தாம்பரம் தம்பிக்குச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

காகித டிக்கெட் என்றால் கசக்கிப் போட வேண்டாம். 2023 இறுதிப் போட்டி அகமதாபாதில் மே 28 அன்று மழையால் நடக்காமல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. முதல் நாள் டிக்கெட்டே மறுநாளும் செல்லும், கிழியாமல் பத்திரமாக வைத்திருங்கள் என்று அறிவித்தார்கள். ரிசர்வ் டே, அதாவது மழை பெய்தால் ஆட மாற்று நாள், இருக்கும் மேட்சுக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள், ரத்து செய்ய முடிகிற அறையையும் ரயில் டிக்கெட்டையும் பார்த்து எடுங்கள். மேட்ச் தள்ளிப்போனதற்காக ஹோட்டல் செலவை எந்த அணியும் தராது.

கேள்வி: ஸ்டேடியத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பியை விட அதிகம் வாங்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பதில்: கூடாது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஏற்றபடி இரண்டு எம்ஆர்பி அச்சடிப்பதையும் 2018 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறார்கள். ஹோட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டலாம். அது உட்கார வைத்துப் பரிமாறும் இடங்களைப் பற்றியது. கவுன்டரில் சீல் வைத்த பாட்டிலை நீட்டுபவருக்குப் பொருந்தாது.

சிக்கல் எங்கே என்றால், பாதுகாப்பைக் காரணம் காட்டி மூடியைத் திறந்து காகிதக் கப்பில் ஊற்றித் தருவார்கள். கப்பில் ஏது எம்ஆர்பி? அதனால் ஊற்றும் முன்பே பாட்டிலைக் காட்டச் சொல்லி விலையைப் பாருங்கள், முடிந்தால் போனில் படம் எடுங்கள். யுபிஐயில் கட்டினால் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கும் சாட்சி இருக்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் தரலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கேயும் எழுதலாம். வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, வெளித் தண்ணீரையும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் இடத்தில் குடிநீர் இலவசமாகவே கிடைக்க வேண்டும். அது எங்கே என்று கேட்டதும் காட்ட வேண்டியது அமைப்பாளர்களின் கடமை, அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்காக ஐபிஎல் பார்க்க ஒரு ஓடிடி சந்தா எடுத்தேன். சீசன் முடிந்து ஆப்பை நீக்கிவிட்டேன். ஆனாலும் மறுபடி பணம் பிடித்துவிட்டார்கள். (நர்ஸ், மதுரை)

பதில்: 2023, 2024 சீசன்களை ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்த பிறகு சந்தா முறைக்குப் போனது. அப்போது மொபைலுக்கு மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். இப்படிச் சின்னத் தொகையாக இருப்பதால்தான் தவணை வந்ததும் தானாகவே பணம் பிடிக்கும் 'ஆட்டோபே' டிக் போட்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. பணம் எடுக்கும் அனுமதி உங்கள் யுபிஐ ஆப்பிலோ கார்டிலோ அப்படியே இருக்கும். யுபிஐ ஆப்பைத் திறந்து, ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து, யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை. அங்கே நீங்கள் மறந்தே போன இன்னும் ஒன்றிரண்டு சந்தாக்களும் கண்ணில் படக்கூடும்.

போன பணத்துக்கு? ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே முன்னறிவிப்பு வந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் இரண்டையும் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதைச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். சந்தாவில் சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்குவது 2023 நவம்பரில் வந்த விதிமுறைகளின்படி முறையற்ற வணிக உத்தி. நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால் 1915, அதுவும் பலிக்காவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, மதுரையிலிருந்தே போடலாம்.

அப்பா டிவியில்தான் பார்க்கிறார் என்றால் இன்னும் எளிது. தமிழ் வர்ணனை வரும் விளையாட்டுச் சேனலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் இருக்கிறது. பேக்கேஜ்தான் எடுக்க வேண்டும் என்று கேபிள்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணி அமைத்துப் பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி ஆப்பில் என் பழைய பணம் 6,200 ரூபாய் இருப்பதாகவும், எடுக்க முதலில் 999 கட்ட வேண்டும் என்றும் மெசேஜ் வந்திருக்கிறது. கட்டலாமா? (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

பதில்: கட்டவே கட்டாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ட்ரீம்11 உட்படப் பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பணப் போட்டிகளை நிறுத்தின. மீதி இருந்த பணத்தை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தன. உங்கள் பணத்தை உங்களுக்குத் தர, நீங்கள் பணம் கட்ட வேண்டிய அவசியம் எங்கும் கிடையாது. பழைய ஆப்பில் நிஜமாகவே இருப்பு இருக்கிறதா என்று அந்த ஆப்பிலேயே உள்ளே போய்ப் பாருங்கள், மெசேஜில் வந்த லிங்க்கைத் தொட வேண்டாம். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் 1930. பழைய விளையாட்டு விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து பலர் புகாரே தருவதில்லை. ஏமாற்றுகிறவர்கள் அந்தப் பயத்தை நம்பித்தான் இந்த மெசேஜை அனுப்புகிறார்கள்.

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்று முதுகில் 'ஜடேஜா 8' அச்சடித்த சென்னை ஜெர்சியை ஆன்லைனில் வாங்கினேன். அடுத்த மாதமே அவர் ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கேட்டாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது, அம்மா. துணியில் குறை, அளவில் தவறு, அசல் என்று சொல்லிப் போலி கொடுத்தது, இவற்றுக்கெல்லாம் ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். வீரர் அணி மாறியது பொருளின் குறையாகாது. பெயர் போட்டுத் தருவதை மாற்ற மாட்டோம் என்று பெரும்பாலும் எழுதியே இருப்பார்கள். இனி வாங்கும்போது, ஏலமும் வீரர் பரிமாற்றமும் முடிந்த பிறகு வாங்குங்கள், அல்லது முதுகில் பெயர் இல்லாததை வாங்குங்கள். வளரும் பையன் என்றால் ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

இருப்பதை வீணாகப் போட வேண்டாம். 2023 இறுதிப் போட்டியில் இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் இந்த மஞ்சள் 8 போட்டுத்தான் ஆடினார். பையனிடம் அந்த ஓவரைப் போட்டுக் காட்டுங்கள், அவனே ஜெர்சியை மாற்ற வேண்டாம் என்பான்.