அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கேரவன் பார்க் வேலை, பயிற்சி பற்றிய கேள்வி பதில்

பிரிட்டனின் கேரவன் பார்க்குகளில், அதாவது விடுமுறைக்கு வருபவர்கள் சக்கர வீடுகளில் தங்கும் இடங்களில், பதினெட்டு வருடங்களாக இருக்கிறேன். புல் வெட்டுபவனாகச் சேர்ந்து, பராமரிப்புக்கு மாறி, இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சி, தகுதிச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள் என்றேன். விசாவைப் பற்றிப் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். அது என் துறை அல்ல. பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் போங்கள்.

நானும் மனைவியும் வார்டன் தம்பதியாக விண்ணப்பிக்கப் போகிறோம். வேலைக்குச் சேர எந்தச் சான்றிதழ் கட்டாயம்?

எதுவும் இல்லை. ‘கேரவன் பார்க் ஊழியர்’ என்று ஓர் உரிமம் சட்டத்தில் கிடையாது. 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின் சட்டையைத்தான் பிடிக்கிறது: ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் அதற்கு வேண்டிய பயிற்சியை அவர் தர வேண்டும். 1999ஆம் ஆண்டின் விதிகள், அந்தப் பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வந்து கற்றுக்கொள் என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கையோடு ஒன்று கொண்டுபோக வேண்டும் என்றால் முதலுதவி. ஒரு நாள் வகுப்பும் உண்டு, மூன்று நாள் வகுப்பும் உண்டு. இரண்டும் மூன்று வருடம் செல்லும். வார்டன் பார்க்கிலேயே குடியிருப்பவர். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கதவைத் தட்டினால், ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கே நீங்கள் இருவர்தான்.

வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணமும், ‘கேரவன் பார்க் டிப்ளோமா’வுக்குத் தனிக் கட்டணமும் ஒரு ஏஜென்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் வேலை பிடித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அந்த டிப்ளோமாவைக் கட்டாயம் என்று சொன்னால் அதுவும் பொய்.

என் மச்சான் பதினைந்து வருடமாக வீடுகளில் பாய்லர் மாட்டுகிறார். கேஸ் சேஃப் (கேஸ் தொழிலாளிகளின் அதிகாரபூர்வப் பதிவேடு) அட்டை வைத்திருக்கிறார். எங்கள் பார்க்கில் வாடகைக்கு விடும் ஆறு கேரவன்களின் ஹீட்டர்களையும் அவரையே பார்க்கச் சொல்லலாமா?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் படமும் எண்ணும் இருக்கும். அதைக் கண்டதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். எல்.பி.ஜி. என்றும் கேரவன் வகை என்றும் அங்கே இல்லையென்றால், எவ்வளவு நல்ல தொழிலாளியாக இருந்தாலும் உங்கள் ஹீட்டரில் அவர் கை வைக்கக் கூடாது.

வீண் சடங்கு என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. அது காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே ஏறிக் கலையும். கேரவனில் எரிவது எல்.பி.ஜி. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதற்காகத்தான் கேரவனின் தரையில் காற்றுத் துளைகள் வைக்கிறார்கள். அழுத்தமும் வேறு: வீட்டில் சுமார் 20 மில்லிபார், புரொப்பேன் என்ற எல்.பி.ஜி. வகையில் ஓடும், ஓரிடத்திலேயே நிற்கும் கேரவனில் 37.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு கேரவனில் குழாய் ஒழுகுகிறது என்று போனேன். தரைக் கம்பளத்தின் ஓரம் சற்று மேடாக இருந்தது. தூக்கினால், பாத்திரம் துடைக்கும் துணிகளைச் சுருட்டி மூன்று துளைகளையும் இறுக்கமாக அடைத்து வைத்திருந்தார்கள். குளிர்காற்று வருகிறதாம். சுத்தம் செய்யும் பெண்மணியைக் கேட்டேன். “போன வாரமும் அப்படித்தான் இருந்தது, கம்பளத்தை நேராக்கிவிட்டு வந்தேன்” என்றார். அவர்மேல் குற்றமில்லை. அந்தத் துளை எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாடகைக் கேரவன் என்பதால் இன்னொன்று: கேஸ் சாதனங்களைப் 12 மாதத்துக்கு ஒருமுறை உரிய ஆள் பரிசோதித்துப் பதிவு எழுதித் தர வேண்டும். சில நாட்கள் தங்கிப் போகும் விருந்தினர்களுக்கு, அதன் நகலைக் கேரவனுக்குள் கண்ணில் படும்படி மாட்டிவைக்கலாம்.

இருபத்தைந்து வருடமாகப் பார்க் நடத்துகிறேன். சிலிண்டர் மாற்றுவதிலிருந்து ஹீட்டர் கழற்றி மாட்டுவதுவரை நானே செய்கிறேன். கார்கி அட்டையும் இருக்கிறது. ஒரு விபத்தும் நடந்ததில்லை. காகிதத்தைக் காட்டி ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஐயா, 2009 ஏப்ரல் 1ஆம் தேதி பழைய பதிவேடான கார்கியின் இடத்துக்கு கேஸ் சேஃப் பதிவேடு வந்துவிட்டது. கேஸ் வேலையைப் பொறுத்தவரை கார்கி இன்று ஒரு நாய் இனத்தின் பெயர் மட்டுமே.

நீங்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள். காலிச் சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டப் பதிவு தேவையில்லை. யாராவது முறையாகக் கற்றுக்கொடுத்தால் போதும். அதிலும் கற்க விஷயம் இருக்கிறது. புரொப்பேன் சிலிண்டரின் நட்டு இடது மரை. புதிதாக வந்த பையன் வழக்கம்போலத் திருகி, இளகவில்லை என்று ஸ்பானரின் மேல் ஏறி நிற்பான். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பான். மாட்டிய பிறகு மூட்டில் கசிவு காட்டும் நுரைத் திரவத்தைத் தெளித்து, குமிழி வருகிறதா என்று ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டும். மூக்கை மட்டும் நம்பக் கூடாது.

ஹீட்டரைக் கழற்றி மாட்டுவது வேறு. தொழில்முறையில் அதைப் பதிவில்லாமல் செய்வது குற்றம்.

அப்படியென்றால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? நேற்று வகுப்பு முடித்தவனுக்குத் தெரிவது எனக்குத் தெரியாதா? (அதே பார்க் உரிமையாளர்)

நான் ஓய்வுபெற்ற பொறியாளன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்டை வைத்துக்கொண்டு அரைகுறையாக வேலை செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். (இன்னொருவர்)

இந்த விவாதத்துக்கு மட்டும் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரைகுறை ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. அதனால்தான் கேஸ் தொழிலாளிகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வுக்கு உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் “ஒரு விபத்தும் நடந்ததில்லை” என்ற வாக்கியத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கொஞ்சமாக உள்ளே போனால் தலைவலி, குமட்டல், களைப்பு. உங்கள் விருந்தினர் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து, சனிக்கிழமை காலை சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடும். உங்களிடம் ஏன் சொல்லப்போகிறார்? அடுத்த வாரம் வேறு குடும்பம். ஒரே வீட்டில் குடியிருப்பவருக்குத் தலைவலி தொடர்ந்தால் சந்தேகம் வரும். வாரம் ஒரு குடும்பம் மாறும் இடத்தில் அந்தக் கணக்கு யார் கையிலும் சேராது. இருபத்தைந்து வருடம் உங்களுக்கு எதுவும் தெரியவரவில்லை என்பதுதான் உண்மை; நடக்கவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

உரிமையாளர் ஐயா மீண்டும் எழுதினால் தனியாகப் பதில் சொல்கிறேன். இங்கே போதும்.

நான் கேரவன் சுத்தம் செய்பவள். ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வருவதற்குள் ஆறு கேரவன் முடிக்க வேண்டும். நீங்கள் சொல்வதெல்லாம் பராமரிப்பு ஆட்களின் வேலை. எங்களுக்கு என்ன பயிற்சி இருக்கிறது?

அக்கா, இன்று வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். கேஸ்காரர் வருடத்துக்கு ஒரு நாள் வருகிறார். பராமரிப்பு ஆள் ஏதாவது உடைந்தால் வருகிறார். ஒவ்வொரு கேரவனின் ஒவ்வொரு மூலையையும் வாராவாரம் பார்ப்பது நீங்கள்தான். ஆனால் பயிற்சிப் பட்டியலில் கடைசிப் பெயர் உங்களுடையது. அதிலும் சுத்தம் செய்யும் மருந்துப் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

நான் எடுக்கும் வகுப்பில் சுத்தம் செய்பவர்களை ஒரு பழைய கேரவனுக்குள் அழைத்துப் போகிறேன். புத்தகம் இல்லை. தரைத் துளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலோ, ஹீட்டரைச் சுற்றிப் புகைக்கறை தெரிந்தாலோ அதைத் துடைக்காதீர்கள், அணைத்துவிட்டு உடனே சொல்லுங்கள் என்கிறேன். கறையைத் துடைப்பது உங்கள் தொழில் பழக்கம். இந்த ஒரு கறையைத் துடைத்தால் சாட்சியைத் துடைத்த மாதிரி. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிடும் விருந்தினர்கள் உண்டு. பார்பிக்யூ தட்டு கேரவனை ஒட்டிய கூடாரத்துக்குள் இருந்த அடையாளம் தெரிந்தாலும் சொல்லுங்கள். நெருப்பு அணைந்ததுபோல் தெரியும் கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

உங்கள் மேலாளரிடம் இப்படி ஒரு மணி நேரம் கேளுங்கள்.

சீசன் திறக்குமுன் எல்லாக் குழாய்களையும் திறந்து விடச் சொல்கிறார்கள். தண்ணீரை வீணாக்கும் நாடகமா?

லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கேரவனின் ஷவர் அதற்குச் சொந்த வீடு. குடிப்பதால் அல்ல, நுண்திவலையாக மூச்சில் போவதால் நோய் வருகிறது. ஆகவே திறந்துவிடும் ஆளுக்குத்தான் முதல் ஆபத்து: ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அல்லது வாளி நீருக்குள் அமிழ்த்திவைத்துத் திறங்கள். வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும். சீசனின் நடுவிலும் ஆளில்லாத கேரவன்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேரவனுக்கு மின் இணைப்பு தரும் கம்பத்தில் பிரேக்கர் விழுந்தால் வார்டன் தூக்கிவிடலாமா?

முதலில் விருந்தினரிடம் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். 16 ஆம்பியர் இணைப்பு சுமார் 3,680 வாட் தாங்கும். 3,000 வாட் கெட்டிலும் 2,000 வாட் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் விழத்தான் செய்யும். ஒன்றை அணைக்கச் சொல்லிவிட்டு ஒருமுறை தூக்கலாம். மறுபடி விழுந்தால், அல்லது விழுந்தது ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) என்றால், எலக்ட்ரீஷியன். பெட்டியைத் திறக்காதீர்கள்.

தம்பி வயது 17. கோடையில் பார்க் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு ஆக முடியுமா?

முடியும், 16 போதும். என்.பி.எல்.கியூ. என்ற நீச்சல் குள லைஃப்கார்டு தகுதிக்குப் படிக்கச் சொல்லுங்கள், இரண்டு வருடம் செல்லும். குளத்தின் மருந்து அறைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் குளோரின் வாயு. அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும்.

பார்க் பாரில் மது பரிமாற?

ஸ்காட்லாந்தில் பரிமாறுவதற்கு முன்பே குறைந்தது இரண்டு மணி நேரப் பயிற்சி கட்டாயம். இங்கிலாந்து, வேல்ஸில் தனிநபர் உரிமம் உள்ளவரின் அனுமதியின்கீழ் பரிமாறலாம்.

குழந்தைகள் கிளப்பில் வேலை செய்ய?

குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. பார்க் அலுவலகமே ஏற்பாடு செய்யும்.

கேரவனை இழுக்கத் தனித் தேர்வு உண்டா?

கார் உரிமம் உள்ளவர்களுக்கு 2021 டிசம்பர் 16 முதல் இல்லை. 3,500 கிலோவரை இழுக்கலாம். தேர்வு போய்விட்டதால் திறமை வந்துவிடாது. பின்னோக்கி ஓட்டப் பழகுங்கள்.

வேலைக்குச் சேர எந்தச் சான்றிதழ் கட்டாயம்?

முதல் பதில்.

சான்றிதழ் இல்லாமல் சேர முடியுமா?

முதல் பதில். பதினோராவது முறை.

மச்சானைப் பற்றிக் கேட்டவன் நான். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வீட்டு பாய்லர், அடுப்பு எல்லாம் இருக்கிறது. எல்.பி.ஜி. இல்லை. ஆனால் போன மாதமே இரண்டு ஹீட்டர்களைக் கழற்றி மாட்டிவிட்டார். இப்போது என்ன செய்வது?

அந்த இரண்டு கேரவன்களிலும் சிலிண்டர் வால்வை இப்போதே மூடுங்கள். யாராவது தங்கியிருந்தால் வேறு கேரவனுக்கு மாற்றுங்கள். தலைவலி இருந்ததா என்று கேளுங்கள், இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘பயன்படுத்தாதே’ என்று எழுதி வால்விலேயே கட்டுங்கள். கேஸ் சேஃப் பதிவேட்டில் எல்.பி.ஜி., கேரவன் இரண்டுக்கும் தகுதி உள்ளவரைத் தேடி நாளைக் காலை அழையுங்கள். அவர் வந்ததும் அட்டையை வாங்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும்.