மகளின் பாடசாலை வேலைக்கு அரச காணியில் கல் பொறுக்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலைப் பக்கம் போய்க் கல் பொறுக்கினால் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி இல்லை. மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், கல் சேர்க்கிற பழக்கம் நெடுநாளாக உண்டு.

இலங்கையின் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியவளச் சட்டப்படி கனியவளம் குடியரசுக்குச் சொந்தம். காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். தோண்ட, ஏற்ற, விற்க புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரத்தினக்கல்லுக்கு வேறு அதிகார சபை. கல்லோயா, குமண தேசியப் பூங்காக்களுக்குள் எதையும் எடுக்க நினைக்காதீர்கள். பாசிக்குடாவில் கரை ஒதுங்கும் முருகைக்கல்லையும் விட்டுவிடுங்கள்.

சட்டத்தை விடப் பெரிய விசயம் ஊர்ச்சனம். அம்பாறைப் பக்கம் ஒரு குன்றடிக்கு மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) முதலே சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் நாலைந்து பேர் வந்து மறித்தார்கள். "சேர், புதையல் பார்க்கவா வந்தீங்க? பேக்கைத் திறந்து காட்டுங்க." காட்டினேன். கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நைஸ் (gneiss) என்ற பாறைத் துண்டு, அதில் ஒட்டிய இளஞ்சிவப்புப் பெல்ஸ்பார் கனிமம், நகத்தால் கிளப்பினால் தாள் தாளாக உரியும் மைக்கா. ஏறத்தாழ நூறு கோடி வருடப் பாறை என்று பிள்ளைகளே அவர்களுக்கு விளங்கப்படுத்தினார்கள். விதானையாருக்கு கோல் எடுத்துக் கேட்ட பிறகுதான் முகம் மாறியது.

அப்புறம் அவர்களில் வயதான ஐயா ஒருவர் எங்களை மேலே கூட்டிப் போனார். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் நெற்றியில் விளிம்பு வெட்டிய பழைய கற்குகை. அதன் வாசலிலேயே ஆளுயரக் குழி, சுற்றிலும் நொறுங்கிய செங்கல். "ராவோடு ராவா வந்து கிண்டிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருந்தும் இந்தக் கதி. அவர் என்னைச் சந்தேகப்பட்டது நூற்றுக்கு நூறு சரி.

"ஒரு கூழாங்கல்லுக்கு இவ்வளவு கதையா, ஆற்று மண் டிப்பர் டிப்பராகப் போகிறதே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. எங்கள் ஊர் ஆற்றில் பெர்மிட் ஒன்றுக்கு எத்தனை லோட் போகிறதென்று கேட்க ஆளில்லை. கரை இடிந்து வயலுக்குள் விழுகிறது, பாலத்தடியில் தூண் வெளியே தெரிகிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம், பதில் கடிதம்கூட வரவில்லை. அதற்காகப் பிள்ளையின் கையில் சுத்தியலைக் கொடுத்து மலையை உடைக்கச் சொல்ல முடியுமா?

மகளுக்கு வேண்டியது நாலைந்து மாதிரிதானே. அனுமதியோடு நடக்கும் கல்லுடைக்கிற இடம் ஒன்றில் முதலாளியிடம் கேளுங்கள், கழிவுக் குவியலில் நல்ல துண்டுகள் கிடைக்கும், பெரும்பாலும் சும்மா தருவார்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த இடம், திகதி, யார் தந்தது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குடும்பிமலைக்கு கமெரா மட்டும் கொண்டு போங்கள்.