சாஃப்ட்வேரிலேயே எல்லாச் சத்தமும் கிடைக்கும்போது, பழைய சிந்தசைசரை வாங்கி இசையமைப்பதில் பயன் உண்டா?

உண்டு. பத்து வருடமாக யமஹா டிஎக்ஸ்7 என்ற பழைய சிந்தசைசர் ஒன்றை (சத்தத்தை மின்சாரத்திலேயே உருவாக்கும் கீபோர்டு) வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு அந்தச் சத்தம் மட்டும் போதும் என்றால் வாங்க வேண்டாம். டெக்ஸெட் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. டிஎக்ஸ்7-இன் பழைய டோன்களை, அதாவது அதில் சேமித்து வைத்த சத்தங்களை, அப்படியே அதில் ஏற்றி வாசிக்கலாம். பாட்டுக்குள் கலந்துவிட்டால் எது மெஷின், எது சாஃப்ட்வேர் என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு சத்தம் எப்படி உருவாகிறது என்று விரலாலும் காதாலும் தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை.

இந்தக் கீபோர்டு மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் வாசித்த அண்ணன் ஒருவருடையது. கச்சேரிகள் குறைந்த பிறகு உறை போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். நான் கேட்டுப் போனபோது இறக்கிக் கொடுத்தார். ஸ்விட்சைப் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பதினேழாம் நம்பரை அமுக்கு தம்பி, நாகஸ்வரம் இருக்கும்." அமுக்கினேன். திரையில் புரியாத எழுத்துகள் வரிசையாக வந்தன. கீயைத் தொட்டால் ஒரு கரகரப்பு. முப்பத்திரண்டு இடத்திலும் அதே கதைதான்.

நடந்தது இதுதான். டிஎக்ஸ்7 தன் 32 டோன்களையும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கிறது. சிஆர்2032, மதர்போர்டுகளில் இருக்குமே, அதே வட்ட பேட்டரி. இதில் சால்டர் செய்தே வைத்திருப்பார்கள். அதன் ஆயுள் எத்தனை வருடமோ, டோன்களின் ஆயுளும் அத்தனைதான். கம்பெனியில் போட்டுக் கொடுத்த டோன்களைக் கம்ப்யூட்டரிலிருந்து மிடி கேபிள் (இசைக்கருவிகள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாகத் திரும்ப ஏற்றிவிடலாம். அண்ணன் கையால் செய்த டோன்களுக்கு நகல் எதுவும் இல்லை. அவற்றில் அந்த நாகஸ்வரமும் ஒன்று. கல்யாணக் கச்சேரிகளில் அந்த டோனில் அவர் கெட்டிமேளம் வாசித்தால் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். அவர் ஒன்றும் பேசவில்லை. உறையை மடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த டோனைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் நான் எஃப்எம் கற்க ஆரம்பித்தேன். ஓர் அலையை இன்னோர் அலையால் அசைத்து டிஎக்ஸ்7 சத்தம் உருவாக்கும் முறை அது.

எஃப்எம் என்றதும் ரேடியோ ஞாபகம் வரும். கணக்கு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் நடக்கிறது. 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கம்ப்யூட்டரில் வைப்ராட்டோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு சுரத்தை மேலும் கீழும் அசைப்பதுதான் வைப்ராட்டோ. அந்த அசைவை வேகமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு என்று காதுக்குத் தெரியவில்லை, சத்தத்தின் நிறமே மாறிவிட்டது. 1973-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா அந்த உரிமத்தை வாங்கி, பல வருடம் உழைத்து 1983-இல் கொண்டுவந்த கீபோர்டுதான் டிஎக்ஸ்7. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. 80களின் மெல்லிய காதல் பாட்டுகளில் கணீர் என்று ஒரு எலெக்ட்ரிக் பியானோ கேட்குமே, உலகம் முழுக்க அது பெரும்பாலும் இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

சௌனிங் கேட்டதை நீங்களும் கேட்கலாம். இதை நான் பலருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். 'வாய்ஸ் இனிட்' கொடுத்தால் எல்லாம் அழிந்து முதல் ஆபரேட்டர் மட்டும் மிஞ்சும். கீயை அழுத்தினால் விசில் மாதிரி வெறும் சைன் அலை. (ஆபரேட்டர் என்றால் இப்படி ஒரு சைன் அலையை எழுப்பும் பகுதி. டிஎக்ஸ்7-இல் ஆறு இருக்கின்றன.) இரண்டாவது ஆபரேட்டர் முதலாவதை அசைக்கும்படி இணைந்திருக்கும். இப்போது அதை 'ஃபிக்ஸ்டு' முறைக்கு மாற்றி (எந்தக் கீயை அழுத்தினாலும் அதன் வேகம் மாறாது), ஒரு ஹெர்ட்ஸில் வைத்து, அதன் லெவலை 99 வரை ஏற்றுங்கள். சுரம் ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடும். ஸ்லைடரைத் தள்ளி ஐந்து, ஆறு ஹெர்ட்ஸ் ஆக்குங்கள், பாடகர் குரலை நடுக்குவது போல ஆகும். பத்தைத் தாண்டினால் உறுமல். நூறைத் தொடும்போது ஆட்டம் மறைந்துவிடும், தகரத்தில் தட்டியது போல முற்றிலும் புதிதாக ஒரு நாதம் நிற்கும். நம் காது கமகத்தில் ஊறிய காது. அசைவே நாதமாக மாறுகிற இந்த இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்து கோயில் மணி. ஃபிக்ஸ்டு முறையை விட்டு வெளியே வந்து, முதல் ஆபரேட்டரை 1.00, இரண்டாவதை 1.40 விகிதத்தில் வையுங்கள். (விகிதம் என்றால், அழுத்தும் கீயின் சுரத்தைப் போல அலை எத்தனை மடங்கு வேகம் என்பது.) சௌனிங் தன் கட்டுரையில் மணிக்குச் சொன்னதும் இந்த விகிதம்தான், 200 ஹெர்ட்ஸுக்கு 280. விகிதம் முழு எண்ணாக இருந்தால் சத்தம் சுருதியோடு ஒட்டி நிற்கும். 1.40 மாதிரி ஒட்டாத எண்ணாக இருந்தால் உலோகச் சத்தம் வரும். ஆனால் அவ்வளவில் மணி வந்துவிடாது. இரண்டு ஆபரேட்டரும் மெதுவாக அடங்க வேண்டும், அதிலும் இரண்டாவது கொஞ்சம் முன்னால் அடங்க வேண்டும். அடித்தவுடன் கேட்கும் வெண்கலக் கூர்மை முதலில் கரையும், வட்டமான ரீங்காரம் கடைசி வரை நீளும். எங்கள் தெருக்கோயில் மணியை மாலைப் பூஜையில் நின்று கேட்டுவிட்டு வந்து, அது அடங்கும் வேகத்தை எண் எண்ணாக மாற்றிப் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் ஒரு மணியை நான் கேட்ட அளவு அதற்கு முன் கேட்டதே இல்லை.

சாஃப்ட்வேரில் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் அங்கே ஒரு க்ளிக்கில் அடுத்த ஆயிரம் டோன் காத்திருக்கிறது. நான் என்றால் தாவிவிடுவேன். இங்கே பச்சை நிற மெம்ப்ரேன் பட்டன்கள், இரண்டு வரித் திரை (அதில் பின்னொளியும் கிடையாது, மேலே விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்), எண்ணை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். பொறுமையைச் சோதிக்கிற அமைப்புதான். அந்த மெதுவான வேலையில்தான் என் காது திருந்தியது.

இசையமைக்கும்போது இந்தக் குறைகளும் உதவியாகத்தான் வருகின்றன. டிஎக்ஸ்7-இல் ஒரு நேரத்தில் ஒரு டோன்தான் ஒலிக்கும், பதினாறு சுரம் வரை சேர்ந்து பேசும். அதனால் ஒரு பாட்டுக்கு முதலில் பேஸ், அப்புறம் பியானோ, அப்புறம் மேலே ஒரு மணி என்று ஒவ்வொன்றாக வாசித்து ஆடியோவாகப் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு டோனையும் அந்தப் பாட்டுக்கென்று திருத்தித்தான் அடுத்ததுக்குப் போவேன். இன்னொன்று, விரல் அழுத்தம். பியானோ டோனில் அந்த 'டிங்' சத்தத்தைத் தருவது 14.00 விகிதத்தில் இருக்கும் ஓர் ஆபரேட்டர். பலமாக அடித்தால் அது முன்னால் வரும், தொட்டு வாசித்தால் மறைந்து மெத்தென்று இருக்கும். சத்தம் கூடிக் குறைவது மட்டும் இல்லை, குணமே மாறும். ஒரே வரியை இரண்டு விதமாக வாசித்து சரணத்தையும் பல்லவியையும் பிரித்துக் காட்ட எனக்கு அதுவே போதும்.

கீபோர்டை வைத்து நம் ஊர் வாத்தியத்தைப் பேச வைக்கும் ஆசை இன்று நேற்று வந்தது இல்லை. மகுடி என்றால் இந்தியா முழுக்க எல்லோருக்கும் ஞாபகம் வரும் மெட்டு 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தினுடையது. அந்த மகுடிச் சத்தம் கிளாவியோலின் என்ற எலெக்ட்ரானிக் கீபோர்டில் கல்யாண்ஜி வாசித்தது. வால்வில் ஓடும், ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் தரும் பெட்டி அது. வாசித்தவரின் காதில் மகுடி இருந்தது.

மற்ற மாடல்களைப் பற்றியும் கேட்பீர்கள். 1970-இல் வந்த மினிமூக் அற்புதமான வாத்தியம், பேஸுக்கும் லீடுக்கும் அதன் ஃபில்டருக்கு ஈடு இல்லை. ஆனால் டோனைச் சேமிக்க வழியே கிடையாது, குமிழ்களின் நிலையைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். சூடாகும் வரை சுதியும் நகரும், விலையும் எட்டாது. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 புதிதாகக் கற்பவர்களுக்கு நல்லது, ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்லைடர் முன்னாலேயே இருக்கும். அதில் வயதாக ஆக வாய்ஸ் சிப்கள் போகும், ஆறு வாய்ஸும் பேசுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானுக்குள் விற்றவை 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தவை 120. நண்பர் ஒருவர் வாங்கிவந்த பழைய கீபோர்டை அவசரத்தில் நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகிவிட்டோம். புகை வாடை வந்த பிறகுதான் பின்னால் திருப்பிப் பார்த்தோம். பவர் சப்ளை முழுக்க மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

டிஎக்ஸ்7 என்றால் இன்னும் சில. பேட்டரியை மாற்றும்போது ஒரு ஹோல்டரை சால்டர் செய்து வைத்துவிட்டால் அடுத்த முறை கையாலேயே மாற்றலாம். அதற்கு முன் உள்ளே இருக்கும் டோன்களைக் கம்ப்யூட்டரில் சேமித்துவிடுங்கள், யாருடைய உழைப்பு அதில் இருக்கிறதோ தெரியாது. திரும்ப ஏற்றும்போது மெமரி புரொடெக்டை (டோன்கள் அழியாமல் காக்கும் பூட்டு) எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எத்தனை முறை அனுப்பினாலும் வாங்காது. மிடியில் அது முதல் சேனலில் மட்டும்தான் அனுப்பும்.

நாகஸ்வரத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் 80களின் கடைசியில் பதிவான கச்சேரி கேசட் ஒன்று இருந்தது. அதில் அந்த டோன் ஒரு நிமிடம் போல வருகிறது, பின்னால் தவில் இடிக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு ஐந்தாவது அல்காரிதத்தில் (ஆபரேட்டர்களை இணைக்கும் முறை) ஆரம்பித்தேன். மூன்று ஜோடி ஆபரேட்டர்கள், எல்லாம் 1.00 விகிதத்தில், கொஞ்சம் டீட்யூன் (சுருதியை மயிரிழை விலக்குவது). மோனோ முறை (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), சுருதியை வளைக்கும் பிட்ச் வீல் இரண்டு அரைச்சுரம் வரை. சுரம் தொடங்கும்போது சுருதி கீழிருந்து ஏறி வந்து நிற்க ஒரு சின்ன பிட்ச் என்வலப். தோடியில் காந்தாரத்தை வீலால் அசைத்து வாசித்துப் போனில் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார். "தம்பி, குழல் வந்துருச்சு, சீவாளி வரலை. ஆறாவது ஆபரேட்டர் ஃபீட்பேக் எவ்வளவு வச்சிருக்க?" (சீவாளி, நாகஸ்வரத்தை ஊதும் நாணல் துண்டு. ஃபீட்பேக், ஆபரேட்டர் தன் அலையாலேயே தன்னை அசைத்துக்கொள்ளும் அளவு.) நான்கு என்றேன். "ஏழுக்கு ஏத்து. அப்புறம் அது லெவலைக் கொஞ்சம் இறக்கு. நான் வச்சிருந்தது எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவுல." ஏற்றினேன், இறக்கினேன். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்தேன். எழுபத்தாறில், "அங்கேயே நில்லு" என்றார். அதைப் பதினேழாம் இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.