கிறிஸ்துமஸ் தீவுக்குத் தூண்டிலோடு: பணம் கட்டும் முன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி, சிறு வயதிலிருந்தே தூண்டில் பித்து. வரும் பிப்ரவரியில் இரண்டு நண்பர்களோடு பசிபிக்கில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு ஒரு வாரம் மீன்பிடிக்கப் போக ஆசை. வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ஓர் ஏற்பாட்டாளர், மூன்று பேருக்கும் உரிய முழுத் தொகையையும் இந்த மாதமே ஸெல் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் அமெரிக்கச் சேவை) வழியாக அனுப்பச் சொல்கிறார். தினமும் ஒரு பெரிய ஜி.டி. (ஜயண்ட் ட்ரெவல்லி மீன்) நிச்சயம் என்கிறார். பவுர்ணமி வாரம்தான் சிறந்தது என்கிறார். என் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது, ஆனால் நீட்டிப்புக்கான ஐ-797 ஒப்புதல் கடிதம் செல்லும். "மெக்ஸிகோ போய்வருவது மாதிரிதான், அதுவே போதும்" என்கிறார். நண்பர்களில் ஒருவர் கிரீன் கார்டு, இன்னொருவர் அமெரிக்கக் குடிமகன். நம்பிப் பணம் கட்டலாமா? அவர் பட்டியல் போட்டிருக்கும் ராட், ரீல் எல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். ஸெல்லில் போன பணம் போனதுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் போகிற போக்கில் சொன்ன அந்த மெக்ஸிகோ பேச்சில் இருக்கிறது. அதை நம்பி நீங்கள் போயிருந்தால், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேலைக்குத் திரும்பியிருக்க மாட்டீர்கள். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்லும் தீவு கிரிபட்டி என்ற தனி நாட்டைச் சேர்ந்தது. தீவின் பெயரைக் கிரிட்டிமட்டி என்று எழுதுவார்கள். ஹொனலுலுவிலிருந்து தெற்கே சுமார் 2,100 கிலோமீட்டர், விமானத்தில் மூன்று மணி நேரம். கலிஃபோர்னியாவிலிருந்து ஹொனலுலு போகும் நேரத்தைவிட இது குறைவு என்பதால், ஏதோ ஹவாயின் இன்னொரு தீவுக்குப் போவதுபோலப் பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஹொனலுலுவில் அந்த விமானம் ஏறிய கணத்தில் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பி வரும்போது புதிதாக நுழைகிறீர்கள். நுழைவதற்குச் செல்லுபடியாகும் விசா ஸ்டாம்ப் வேண்டும். ஐ-797 என்பது உள்ளே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி. கதவைத் திறக்க அது உதவாது.

பிறகு மெக்ஸிகோ கதை எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தானாக விசா புதுப்பித்ததாகக் கருதும் விதி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உங்களைப் போல ஸ்டாம்ப் காலாவதியானவர்கள், தங்கும் அனுமதி செல்லுபடியாக இருந்தால், 30 நாட்களுக்குள் கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ போய்த் திரும்பலாம். அங்கே இருக்கும்போது புதிய விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. எச்-1பிக்கு இந்த இரண்டு நாடுகள் மட்டுமே. மாணவர் விசாவான எஃப், பரிமாற்ற விசாவான ஜே வைத்திருப்பவர்களுக்கு "அண்டைத் தீவுகள்" என்று இன்னும் சில இடங்களைச் சேர்த்திருக்கிறார்கள். "தீவு" என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த ஏற்பாட்டாளர் இதையும் சேர்த்துக் குழப்பியிருக்கலாம். அந்தத் தீவுகள் எல்லாம் கரீபியன், அட்லாண்டிக் பக்கம் உள்ளவை. பசிபிக்கில் ஒன்றுகூட அதில் வராது. நீங்கள் மாணவராகவே இருந்திருந்தாலும் கிரிட்டிமட்டிக்கு அது பொருந்தாது. முன்பு மாணவராக வந்து, இங்கேயே எச்-1பிக்கு மாறி, அந்த ஸ்டாம்ப்பை ஒருமுறைகூட வாங்காதவர்களுக்கும் இதே கதைதான்: மெக்ஸிகோ உண்டு, கிரிட்டிமட்டி இல்லை. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு விதியைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

சிக்கினால் என்ன ஆகும்? தீவிலேயே ஹொனலுலு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே அமெரிக்கத் தூதரகம் கிடையாது. கிரிபட்டிக்கான பொறுப்பு ஃபிஜியின் சுவாவில் இருக்கும் தூதரகத்திடம். சுவாவுக்குப் போனாலும் பயன் குறைவு. 2025 செப்டம்பரிலிருந்து, விசாவுக்கு உங்கள் குடியுரிமை நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு அது சென்னை. சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் நடைமுறை 2025 டிசம்பரில் எச்-1பிக்கும் விரிந்தபோது, இந்தியாவில் நேர்காணலுக்கு நாள் வாங்கியிருந்த பலருக்கு அது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. லீவு போட்டு வந்தவர்கள் சொந்த ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2024இல் அமெரிக்காவுக்குள்ளேயே ஸ்டாம்ப் புதுப்பிக்க 20,000 பேருக்கு ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். ஜனவரி கடைசியில் திறந்து ஏப்ரல் முதல் தேதியோடு மூடிவிட்டார்கள். நடத்த முடிகிற ஒன்றை ஏன் தொடர்ந்து நடத்தவில்லை? வரி கட்டி, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருப்பவர் ஒரு வாரம் மீன் பிடித்துவிட்டு வர, பாதி உலகத்தைச் சுற்றி ஒரு முத்திரை வாங்க வேண்டியிருக்கிறது. எத்தனை ஆண்டுகள் இந்த அபத்தத்தைப் பார்ப்பது!

உங்கள் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் "கிரிபட்டிக்குப் போகிறேன், ஹொனலுலு வழியாகத் திரும்புகிறேன்" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். புதிய ஸ்டாம்ப் பாஸ்போர்ட்டில் ஏறும்வரை உங்கள் பங்குக்கு ஒரு டாலர் முன்பணம்கூடக் கட்டாதீர்கள். நண்பர்கள் இருவருக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

இனி அந்த ஏற்பாட்டாளர். நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. பயணம் விற்பவர்கள் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்பது சட்டம். எண்ணைக் கேளுங்கள். தந்தால் அட்டர்னி ஜெனரலின் இணையதளத்தில் சரிபாருங்கள். "நான் ஏஜென்ட் இல்லை, நண்பர்களுக்கு உதவி செய்கிறேன்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உதவி செய்பவருக்கு முழுப் பணம் முன்கூட்டியே எதற்கு? அடுத்து, எந்த விடுதி என்று பெயரைக் கேளுங்கள். விடுதிக்கு நீங்களே நேரடியாக எழுதி, உங்கள் பெயரில் இடம் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தீவில் இணையம் மெதுவானது, பதில் வரச் சில நாள் ஆகும். அதற்காகப் பதற வேண்டாம். பதில் வரும்முன் "இடம் போய்விடும், இன்றே அனுப்புங்கள்" என்று ஒருவர் விரட்டினால் அந்த விரட்டலே உங்களுக்கு விடை. பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட அதுதான் வழி.

அவர் முன்பதிவுத் தாள் எதையாவது அனுப்பினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, விமான நிலையக் குறியீடு. கிரிட்டிமட்டிக்கு சி-எக்ஸ்-ஐ. இதே பெயரில் இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொரு கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது, அது எக்ஸ்-சி-எச். இரண்டாவது, தேதி. கிரிபட்டி 1995 தொடக்கத்தில் தன் கிழக்குத் தீவுகளைத் தேதிக்கோட்டின் மறுபக்கம் சேர்த்துக்கொண்டது. ஹொனலுலுவிலும் கிரிட்டிமட்டியிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், ஆனால் தீவு ஒரு நாள் முந்தி இருக்கும். செவ்வாய்க்கிழமை ஹொனலுலுவில் ஏறினால் புதன்கிழமை இறங்குவீர்கள். புதன்கிழமை கிளம்பினால் செவ்வாய்க்கிழமை வந்து சேர்வீர்கள். விடுதிக்கு அமெரிக்கத் தேதியைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் பணத்தை வீணாக்குபவர்கள் இருக்கிறார்கள். ஹொனலுலுவிலிருந்து உள்ளே போவதும் வெளியே வருவதும் ஃபிஜி ஏர்வேஸின் வாரம் ஒருமுறை விமானத்தில்தான். அது ஃபிஜியின் நாடி நகரம், கிரிட்டிமட்டி, ஹொனலுலு என்று போய் அதே வழியில் திரும்பும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். எனவே முதலில் விமான இருக்கை, பிறகு விடுதி. மருத்துவத்துக்காக விமானத்தில் வெளியே கொண்டுபோகும் செலவை ஏற்கும் காப்பீடும் எடுங்கள். செலவாவது ஆஸ்திரேலிய டாலர், அதை ரொக்கமாகக் கொண்டுபோங்கள்.

தினமும் ஒரு ஜி.டி. நிச்சயமாம்! நம்மூரில் பாறை என்று சொல்லும் மீன்களிலேயே மிகப் பெரியது இந்த ஜயண்ட் ட்ரெவல்லி. ஃப்ளை ராடில், அதாவது எடையில்லாத போலி இரையைக் கனமான லைனால் எறியும் தூண்டிலில், அதைப் பிடிப்பது என்றால் முழங்கால் தண்ணீரில் நடந்து, மீனைக் கண்ணால் பார்த்து, அது திரும்பிக்கொள்வதற்குள் சில நொடிகளில் எறிய வேண்டும். மேகம் மூடினால் மீனே தெரியாது. காற்று வீசினால் எறிதல் கெட்டுப்போகும். நிச்சயம் என்று கடலில் எதையும் விற்க முடியாது, விற்பவர் கடலுக்குப் போகாதவர். ஆனால் கிரிட்டிமட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போவது ஜி.டி.க்காக மட்டும் இல்லை. நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய வளையப் பவளத் தீவு (அட்டோல்) அது. அதன் நடுவே பரந்த காயல், காயல் நெடுகிலும் வெண்மணல் திட்டுகள். அந்தத் திட்டுகளில் ஏற்றத்தோடு ஏறி மேய வரும் போன்ஃபிஷ்தான் அந்தத் தீவின் செல்வம். முதல் தடவை போகிறவர் நாள் முழுக்க அதைத் தேடி நடக்கட்டும். பாறை வந்தால் எறிய இரண்டாவது ராட் வழிகாட்டியின் கையில் இருந்தால் போதும். பவளத்தின் ஓரம் மேயும் ட்ரிகர்ஃபிஷ், அதாவது நம் கிளாத்தியின் சொந்தம், அதுவும் அருமையான விளையாட்டு.

பவுர்ணமியைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முதிர்ந்த போன்ஃபிஷ் பவுர்ணமியை ஒட்டி முட்டையிடக் கூட்டமாகச் சேர்ந்து காயலை விட்டு வெளிப்பக்க ஆழத்துக்குப் போகும். வழியில் கூட்டம் சிக்கினால் கொண்டாட்டம், சிக்காவிட்டால் திட்டுகள் வெறிச்சோடிக் கிடக்கும். போதாததற்குப் பவுர்ணமியிலும் அமாவாசையிலும் ஏற்றவற்றம் அதிகம். நடக்கத் தோதான ஆழம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். முதல் பயணத்துக்கு அரைநிலா வாரத்தின் நடுவில் விழும்படி தேர்ந்தெடுங்கள். விமானம் வாரம் ஒருமுறை என்பதால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒன்றைத் தேர்வது அப்படியொன்றும் கடினம் இல்லை. பிப்ரவரி என்ற மாதத்தைவிட அந்த ஆண்டு எல் நினோவா, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டா என்பது முக்கியம். அந்த ஆண்டுகளில் அங்கே மழை கொட்டும், வானம் மூடியே இருக்கும். 2015, 2016இல் வந்த எல் நினோவில் அந்தத் தீவின் பவளத்தில் பெரும்பகுதி வெந்து செத்தது. அமெரிக்க வானிலைத் துறை மாதந்தோறும் எல் நினோ நிலவரம் வெளியிடுகிறது, இருக்கை வாங்குவதற்கு முன் பாருங்கள்.

ராட் பட்டியலில் பாதியை அடித்துவிடலாம். போன்ஃபிஷுக்கு 8 எண் ஃப்ளை ராட் ஒன்று, பாறைக்கு 11 அல்லது 12 எண் ஒன்று. இரண்டும் நான்கு துண்டாகக் கழல்வதாக இருக்கட்டும், கைப்பையோடு கொண்டுபோகலாம். 12 எண்ணுக்கு நல்ல பிரேக் உள்ள ரீல் அவசியம், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். லைன் மட்டும் உபரி ஒன்று வேண்டும், பவளம் அறுத்துவிடும். தீவில் இதையெல்லாம் வாங்கக் கடை கிடையாது. போலராய்டு கண்ணாடியும் தடித்த அடி கொண்ட தண்ணீர் பூட்ஸும் ராடை விட முக்கியம். பவளம் கீறிய புண் வெப்பத்தில் சீழ் பிடிக்கும், அன்றைக்கே கழுவி மருந்து போடுங்கள். தூண்டில் முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். பிடித்த போன்ஃபிஷைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே விடுவியுங்கள். காயலில் பிடித்த பெரிய மீனைச் சமைக்கச் சொல்லாதீர்கள். பவளத்தில் வாழும் பெரிய மீன்களில் சேரும் சிகுவாட்டெரா நஞ்சு சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. ஆழ்கடலில் பிடிக்கும் சூரை, வஹூ சாப்பிடலாம், பிடித்த உடனே ஐஸில் வைத்திருக்க வேண்டும். மீன்பிடி உரிமக் கட்டணம் விடுதிக் கணக்கில் சேர்ந்ததா தனியா என்றும் விடுதியிடமே கேட்டுவிடுங்கள்.

நண்பர்கள் இந்த பிப்ரவரியிலேயே போக விரும்பினால் போகட்டும். திட்டுகளில் நடப்பவருக்கு ஆளுக்கொரு வழிகாட்டி பெரும்பாலும் கிடைப்பதால் மூன்றாவது ஆள் இல்லாதது அவர்களைப் பாதிக்காது. நீங்கள் அவர்களோடு ஹொனலுலுவரை போய், அங்கேயே இறங்கிவிடுங்கள். ஹொனலுலு இருக்கும் ஓவாஹூ தீவின் திட்டுகளில் போன்ஃபிஷ் உண்டு. ஓய்யோ என்பார்கள். எண்ணிக்கையில் குறைவு, எச்சரிக்கையில் அதிகம், ஆனால் கிரிட்டிமட்டியில் கிடைப்பதைவிட உருவத்தில் பெரியது. அதே 8 எண் ராட் போதும், ஸ்டாம்ப் தேவையில்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை இரண்டு நாளுக்குப் பிடியுங்கள், காற்றில் எறிந்து பழக அதைவிட நல்ல இடம் உங்களுக்கு இப்போது கிடைக்காது. சென்னை நேர்காணலுக்கு நாள் கிடைத்ததும் எழுதுங்கள், அந்த ஆண்டின் அரைநிலா வாரங்களைக் குறித்துத் தருகிறேன்.